ஓரா மீனுக்கு வைத்த நாலு முகவரி

1

பிள்ளைகளே,

உங்கள் பள்ளிக்கூடத்து இணையத்தளத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி வைக்க வேண்டியிருக்கிறதாம். தமிழில் வைப்பதா, சிங்களத்தில் வைப்பதா, ஆங்கிலத்தில் வைப்பதா என்று வகுப்பில் பெரிய சண்டையாம். உங்கள் கணினி ஆசிரியர் பருத்தித்துறையில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீ பிரான்சிலை மீன்கடைக்கு உந்த வேலை செய்தனியெல்லே, பிள்ளையளுக்கு விளங்கிற மாதிரி எழுதி அனுப்படாப்பா" என்றார்.

அவர் கணிதத்தில் எப்போதும் முதலாம் ஆள். நான் அதே கணிதத்தில் இரண்டு தரம் விழுந்து, பிறகு கடலுக்குப் போய், பிறகு இங்கே வந்து சேர்ந்தவன். ஆகவே என்னிடம் பெரிய விளக்கங்கள் இல்லை. நீங்கள் கேட்டதற்கு மறுமொழி ஒரேயொரு வரிதான். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அந்த வருடத்தில் மகனோடு கோபித்தேன், முதலாளியோடு கோபித்தேன், மகளோடு கத்தினேன். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. எழுத்தில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் வேலை செய்வது பாரிசுக்கு வெளியே ஒரு தமிழ் மீன்கடையில். முதலாளி தயா அண்ணை நீர்வேலிக்காரர். வாழைத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கடையின் ஒரு பக்கத்தில் வாழைக்குலையும் தொங்கவிட்டு விற்கிறார். மீன் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். செதில் இருந்தால் மீன், இல்லாவிட்டால் அதுவும் மீன். மீனைப் பிரிப்பது, வெட்டுவது, பெயர் சொல்வது எல்லாம் என் வேலை.

கடைக்கு இணையத்தளம் வேண்டும், ஆட்கள் வீட்டில் இருந்தே மீன் ஓடர் பண்ண வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. என் மகன் நிரோஜன் கணினி வேலை செய்பவன். சனி, ஞாயிறுகளில் செய்து தருகிறேன் என்றான். மீனுக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்துக்கு ஒரு முகவரி. கடையின் பெயருக்குப் பிறகு ஒரு சாய்கோடு வரும் அல்லவா, அதற்கு அடுத்து வரும் சின்னத் துண்டைத்தான் சொல்கிறேன். தேடுபொறி ஒரு பக்கத்தை எதைப் பற்றியது என்று பார்க்கிறபோது அந்தத் துண்டையும் பார்க்குமாம். ஆட்களும் அதைப் பார்த்துத்தான் உள்ளே போவார்களாம்.

"அப்பா, நீங்கள் மீன்களின்ரை பேரை எழுதித் தாங்கோ, நான் முகவரியாப் போடுறன்" என்றான் நிரோஜன்.

எனக்குப் பெருமை. கெட்டி அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக் கோடு போட்டு எழுதினேன். முதலாம் பக்கத்தில் முதலாவது மீன் ஓரா. எங்கள் கடலில் பாசி மேய்கிற மீன். முதுகு முள் குத்தினால் கை விரல் தொடக்கம் தோள் வரை கடுக்கும். தமிழில் ஓரா. சிங்கள வாடிக்கையாளர்கள் ஒராவா என்று கேட்பார்கள். பிரெஞ்சில் முயல்மீன் என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. அதன் வாயைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். ஆங்கிலத்திலும் முயல்தான்.

கொப்பியைப் பார்த்த தயா அண்ணை, "எல்லாப் பேரையும் போடு தம்பி" என்றார்.

"எல்லாத்தையுமோ?"

"ஓம். கலியாண அழைப்பிதழிலை மாப்பிள்ளைக்குப் பட்டம் எல்லாம் வரிசையாப் போடுறேல்லையே? அது மாதிரி. எவன் எந்தப் பாசையிலை தேடினாலும் அம்பிடவேணும்."

மகன் தலையில் கை வைத்தான். அவ்வளவு நீளமான முகவரியை எவரும் வாசிக்கமாட்டார்கள், தேடுபொறியும் இதென்ன கடைசியில்லாத கூத்து என்று நினைக்கும் என்று சொன்னான். தயா அண்ணை கேட்கவில்லை. ஒரு கிழமை அப்படியே இருந்தது. பில்லில் அச்சிட்டபோது முகவரி தாளுக்கு வெளியே ஓடிவிட்டது. அதற்குப் பிறகுதான் விட்டார்.

அப்போது நான் சொன்னேன், "தமிழ்க் கடை, தமிழ் மீன், தமிழ் எழுத்திலையே போடுவம்."

நிரோஜன் போட்டான். உண்மையில் வடிவாகத்தான் இருந்தது. மேலே அந்த நீண்ட பெட்டியில் 'ஓரா' என்று எங்கள் எழுத்து. நான் உடனே அதைப் பிரதி எடுத்து எங்கள் குடும்பக் குழுவில் போட்டேன். போட்டதும் அந்த இரண்டு எழுத்து இப்படி மாறிப்போய் நின்றது: %E0%AE%93%E0%AE%B0%E0%AE%BE.

ஐந்து நிமிடத்தில் பருத்தித்துறையில் இருந்து என் மனைவியின் தங்கை அழைத்தாள்.

"அத்தான், உங்கடை போனை ஆரோ பிடிச்சிட்டாங்கள்."

"ஆர் பிடிச்சது?"

"தெரியாது. உங்கடை பேரிலை ஏதோ நம்பர் நம்பரா வருது. ஒருத்தரும் அமத்தப்படாது எண்டு நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். நீங்கள் பயப்பிடாதையுங்கோ."

தமிழ் எழுத்து முகவரி பிழை என்று நான் சொல்லவில்லை. மேலே பெட்டியில் அது தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கும் விளங்கும் என்றுதான் மகன் சொல்கிறான். ஆனால் ஆளுக்கு ஆள் அனுப்புகிறபோது இப்படிச் சிதறிவிடுகிறது. சிதறியதைப் பார்த்து எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள். நாங்கள் பயந்து பழகிய ஆட்கள். அறியாத இடத்தில் இருந்து வருவதைத் தொடமாட்டோம்.

3

அந்த நேரம் பார்த்து ஒரு அரசாங்கப் பரிசோதகர் கடைக்கு வந்தார். மரியாதையான மனிதர். அதுதான் எனக்கு இன்னும் கூடுதலாக எரிச்சல் தந்தது.

ஐஸ் மேசையில் ஓராவுக்கு மேல் நான் குத்தி வைத்திருந்த அட்டையைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"ஓரா" என்றேன்.

தன் பட்டியலைப் பார்த்தார். அப்படி ஒரு மீன் இல்லை என்றார். பிரெஞ்சு வணிகப் பெயர், லத்தீன் பெயர், பிடித்த கடல் மூன்றும் அட்டையில் இருக்க வேண்டுமாம். மீன் அவருக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. பட்டியலில் இல்லை என்பதால் அது இல்லை.

இது எனக்குப் புதிதல்ல. என் பெயர் சிவபாலன். அப்பாவின் பெயர் கணபதிப்பிள்ளை. நான் இந்த நாட்டுக்கு வந்து முதலாவது படிவம் நிரப்பிய நாளில், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்பாவின் பெயரை எழுதினேன். அன்றைக்கு முடிந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே எல்லா அலுவலகத்திலும் கணபதிப்பிள்ளையைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் ஒரு நாளும் விமானம் ஏறாதவர். கடலிலும் தோளளவு தண்ணிக்கு அங்காலை போக விரும்பாதவர். கரையில் நின்று வலை இழுத்தவர். அவர் காலமாகி எத்தனையோ வருடம். இங்கே ஒவ்வொரு வரிசையிலும் அவரைக் கூப்பிட, நான் எழும்பிப் போகிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அதுதான் குடும்பப் பெயர். மகள் சின்னவளாக இருக்கும்போது, "அப்பா, உங்களுக்கு ஏன் வீட்டிலை ஒரு பேர், வெளியிலை ஒரு பேர்?" என்று கேட்டாள். "தாளிலை இருக்கிறதுதான் பேர்" என்று சொன்னேன்.

பரிசோதகர் போன அன்றே மகனிடம் சொன்னேன்: "லத்தீன் பேரைப் போடு. உலகம் முழுக்க அது ஒண்டுதான். ஒருத்தரும் கேள்வி கேக்கேலாது."

"அப்பா, லத்தீனிலை ஆர் தேடுறது?"

"நீ போடு. அரசாங்கத்துக்கே அது போதும்."

"நாங்கள் மீன் விக்கிறது அரசாங்கத்துக்கோ?"

உவனோடு கதைத்து வேலையில்லை என்று எழும்பிவிட்டேன். ஓராவின் முகவரி சிகானுஸ் ஆயிற்று. கடையில் உள்ள அத்தனை மீனுக்கும், மீன் வந்த பெட்டியில் இருந்த லத்தீன் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்துக் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு பிழை இல்லை. உங்கள் வயதில் அப்படி ஒரு நாளாவது படித்திருந்தால் கணிதத்தில் விழுந்திருக்க மாட்டேன்.

அதில் இன்னொரு மடைத்தனமும் நடந்தது. வருடப்பிறப்புக்குக் கடையில் கொடுத்த நாட்காட்டியில் ஏற்கெனவே பழைய முகவரிகளை அச்சிட்டிருந்தோம். முகவரியை மாற்றினால், பழையதுக்கு வருகிற ஆட்களைப் புதியதுக்குத் திருப்பி விட வேண்டும். அதைச் செய்யும் முன் நான் அவசரப்படுத்தினேன், மகனுக்கும் வேலை அதிகம், விட்டுவிட்டான். வாடிக்கையாளர் வீடுகளின் குசினிச் சுவர்களில் ஒரு வருடமாக ஒன்றுமில்லாத இடத்துக்கு வழி காட்டிக்கொண்டு தொங்கின அந்த நாட்காட்டிகள்.

4

என் மகள் துளசி லியோன் நகரத்தில் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். போன மாசியில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. மூன்று கிழமை முந்திவிட்டது. என் மனைவி அப்போது பருத்தித்துறையில். போன் பிடிபட்டது என்று பயந்த அதே தங்கைக்கு இடுப்பில் ஒப்பரேசன் நடந்ததால், ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். பேற்றுக்கு முதல் திரும்பி வரத்தான் ரிக்கற் எடுத்திருந்தாள். பிள்ளை பொறுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் சாப்பாடு வேறு. உங்களுக்குத் தெரியும், உங்கள் வீடுகளிலும் இருக்கும். மிளகாய் இல்லாமல் சரக்கு அரைத்து, பத்தியத்துக்கு ஏற்ற வெள்ளை மீன் போட்டுக் கறி வைப்பது. இறால், நண்டு, சூரை ஒன்றும் கிட்ட வராது.

ஆறாம் நாள் அழைத்துக் கேட்டேன், "என்னம்மா சாப்பிட்டனீ?"

"பாண் அப்பா. சமன் மீன் வைச்சு."

"சமனோ? என்ன சமன்?"

"புகை போட்டது. சுப்பர்மார்க்கெட்டிலை இவர் வாங்கிக்கொண்டு வந்தவர்."

"பிள்ளை பெத்து ஆறாம் நாள் ஆரும் உதைத் தின்னுவினமோ?"

"மீன்தானே அப்பா."

அவளே பிறகு மெதுவாகச் சொன்னாள். "தம்பி பிறக்கேக்கை அம்மாக்கு நீங்கள் ஒரு கறி வைச்சனீங்கள். அது வேணும்போலை கிடந்தது. தேடினன், ஒண்டும் வரேல்லை."

"எங்கை தேடினனீ?"

"உங்கடை கடையிலைதான்."

"என்னெண்டு தேடினனீ?"

"பேர் தெரியாதே. 'தமிழ், பிள்ளை பெத்த அம்மா, மீன்' எண்டு பிரெஞ்சிலை அடிச்சன். ஒண்டுமில்லை எண்டு வந்தது."

"ஓரா எண்டு அடிச்சிருக்கலாமே!"

"நீங்கள் எனக்கு ஒரு நாளும் அப்பிடிச் சொல்லேல்லை. 'அம்மான்ரை மீன், தொடாதை' எண்டுதான் சொன்னனீங்கள்."

அது உண்மை. நிரோஜன் பிறந்தபோது ஒற்றை அறையில் இருந்தோம். சமைக்க வேறு ஆள் இல்லை. தொலைபேசி அட்டை போட்டு ஊரில் கேட்டுக் கேட்டு நான்தான் கறி வைத்தேன். இவளுக்கு ஐந்து வயது. தாயின் சோற்றுக் கோப்பைக்குள் கை வைக்க வருவாள். மீன் கொஞ்சம்தான் கிடைக்கும். கையைத் தட்டி விடுவேன்.

"சரி, என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாமெல்லே?"

"கேட்டால் கத்துவியள்."

"நான் எங்கை கத்தினனான்?"

"இப்ப கத்துறியளே அப்பா."

5

ஞாயிற்றுக்கிழமை காலை ஓராவின் முள்ளை எல்லாம் வெட்டி எறிந்து, சுத்தம் செய்து, ஐஸ் போட்ட வெள்ளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ரெயின் ஏறினேன். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் பையில். அவள் வீட்டில் சரக்கு அரைக்க ஒன்றும் இல்லை. கோப்பிக் கொட்டை அரைக்கிற சின்ன மெசினில் அரைத்தேன். கறியில் இலேசாகக் கோப்பி மணந்தது. மருமகன் கதவைத் திறந்து வைத்தார்.

அவள் சாப்பிட்டாள். ஒரு துண்டு எடுத்து மருமகனுக்கு நீட்டினாள். "அம்மான்ரை மீன், தொடாதை" என்று சொல்லி, பிறகு தானே அதை வாயில் போட்டாள். அவர் விளங்காமல் சிரித்தார்.

"இதின்ரை பேர் என்ன அப்பா?"

நான் தொடங்கினேன். பிரெஞ்சில் இது, லத்தீனில் இது, பட்டியலில் இந்தப் பெயரில்தான் இருக்கிறது என்று.

"ஐயோ அப்பா. வீட்டிலை என்னெண்டு சொல்லுறது?"

"ஓரா."

"ஓரா" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். எங்கும் எழுதி வைக்கவில்லை. அடுத்த ரெயின் போக முதல் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டிய வயதில் கையைத் தட்டிவிட்டு, இப்போது ஊரில் உள்ளவனுக்கெல்லாம் லத்தீனில் சொல்லிக் கொடுக்கிறேன்.

6

திரும்பி வந்து மகனோடு இருந்தேன். கடையின் தேடல் பெட்டியில் ஆட்கள் எதை அடித்து ஒன்றும் கிடைக்காமல் போனார்கள் என்று ஒரு பட்டியல் வருமாம். எடுத்துக் காட்டினான். ஆங்கில எழுத்தில் தமிழ், பிரெஞ்சு, கலந்தும் கிடந்தது. கூழுக்கு மீன். சொதிக்கு மீன். சின்னப் பிள்ளைக்கு முள் இல்லாத மீன். பத்தியத்துக்கு மீன். காய்ச்சல்காரருக்கு என்ன மீன். கீழே ஓரிடத்தில், பிரெஞ்சில், என் மகள் அடித்தது.

முழுவதையும் விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு மனிதன்கூட சிகானுஸ் என்று தேடவில்லை.

"உதை ஏன்ரா முதலே காட்டேல்லை?"

"காட்டினன் அப்பா. 'உதுகள் மீன் பேர் இல்லை' எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போனனீங்கள்."

அன்றைக்கு நான் எழும்பவில்லை. மகன் சொன்னதை எல்லாம் கேட்டேன். உங்களுக்கும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். முகவரி சின்னதாக இருக்கட்டும். சாதாரண ஆங்கில எழுத்துகள், பிரெஞ்சுக்காரர் எழுத்துக்கு மேலே வைக்கிற கோடு குறி ஒன்றும் இல்லாமல். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் ஒரு சின்னக் கோடு. மற்ற மொழிப் பெயர்களைத் தூக்கி எறியத் தேவையில்லை. எல்லாம் பக்கத்துக்கு உள்ளே இருக்கலாம், தலைப்பில் தமிழ் இருக்கலாம், கீழே லத்தீனும் இருக்கலாம். முகவரி ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். மாற்றியே தீரவேண்டுமென்றால் பழையதுக்கு வருகிறவரைக் கையைப் பிடித்துப் புதியதுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

ஓராவின் பக்கத்துக்கு என் மகள் அடித்த சொற்களையே முகவரியாக வைத்தோம். மகன் பழைய மூன்று முகவரியையும் அதற்குத் திருப்பிவிட்டான்.

தயா அண்ணை பார்த்துவிட்டுக் குதித்தார். "தம்பி, இது மீன்கடையோ, பிள்ளைப்பெறு ஆஸ்பத்திரியோ?"

"அண்ணை, ஒருத்தன் வந்து 'கோயிலுக்குப் பழம் தாங்கோ' எண்டு கேட்டால் நீங்கள் என்ன குடுப்பியள்?"

"நல்ல கதலிச் சீப்பாப் பாத்துக் குடுப்பன்."

"அவன் கதலி எண்டு கேட்டவனோ?"

அவர் வாழைக்குலைகள் தொங்குகிற பக்கம் திரும்பிப் பார்த்தார். "நீர் வாய்க்காரப் பருத்தித்துறையான் எண்டதை ஒருக்காலும் மறக்கவிடமாட்டீர்" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனார்.

7

ஆகவே பிள்ளைகளே, உங்கள் சண்டைக்கு என் மறுமொழி: தேடி வருகிறவர் வாயில் இருக்கிற சொல்லில் வையுங்கள். அது தமிழா, சிங்களமா, ஆங்கிலமா என்று வகுப்புக்குள் இருந்து முடிவு செய்யாதீர்கள். வாசலில் நின்று, பிள்ளையைச் சேர்க்க வருகிற தாயிடம் கேளுங்கள், "நீங்கள் எங்கடை பள்ளிக்கூடத்தை என்னெண்டு தேடினனீங்கள்?" என்று. வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவனிடம் கேளுங்கள். பஸ் நடத்துநரிடம் கேளுங்கள், அவர் உங்கள் பள்ளிக்கூடத்தை என்ன சொல்லி இறக்கிவிடுகிறார் என்று. தாளில் இருக்கிற பெயர் பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகைக்குப் போதும்.

இதை நான் முப்பது வருடத்துக்கு முதல் தெரிந்திருந்தால், எனக்கு ஏன் இரண்டு பேர் என்று கேட்ட மகளுக்கு வேறு மறுமொழி சொல்லியிருப்பேன்.

இதை எழுதி முடித்து உறையில் போடத்தான் இருந்தேன். போன கிழமை துளசி அழைத்தாள். பிள்ளைக்கு இப்போது எட்டு மாதம். சாதாரணமாக அவள் தாயைத்தான் கேட்பாள். அன்று, "அம்மாட்டைக் குடுக்கவேண்டாம்" என்றாள்.

"அப்பா, நான் கடையிலை 'ஓரா' எண்டு அடிச்சன்."

"வந்ததோ?" நான் கேட்ட வேகத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஓம், டக்கெண்டு வந்தது. ஆனால் ஓரா முடிஞ்சுதாம். அடுத்த மாதம்தானாம்."

ஒரு வருடப் பாடு. நாலு முகவரி. பக்கம் கிடைக்கிறது, மீன் இல்லை. மீனை முடியவிட்ட தயா அண்ணையைத் திட்ட வாயைத் திறந்தேன். அதுக்குள் அவள் சொன்னாள்:

"அதுதான் உங்களைக் கேப்பம் எண்டு எடுத்தனான். வீட்டிலை உங்களிட்டை இருக்குமோ?"

நான் கத்தவில்லை. எத்தனை வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.